ஒயாசிஸ் ஒஃப் த சீஸ்: கட்டிய கதையும் முதல் வருடங்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடி, காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கங்களில் கப்பல் வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளைகளும், வீடியோ பார்த்துவிட்டு ஆசையில் கேட்கிறவர்களும் திரும்பத் திரும்ப அனுப்புகிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாக் கப்பலையும் பற்றி எழுதப் போனால் முடியாது, அதனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்: ரோயல் கரீபியன் நிறுவனத்தின் ஒயாசிஸ் ஒஃப் த சீஸ்.

இதைவிடப் பெரிய கப்பல் வந்துவிட்டதே, ஏன் இன்னும் ஒயாசிஸ்?

வந்துவிட்டது, உண்மைதான். 2024 ஜனவரி 27ஆம் திகதி மியாமியில் இருந்து முதல் பயணம் போன ஐகொன் ஒஃப் த சீஸ் 248,663 மொத்தத் தொன். ஆனால் ஒயாசிஸ் 2009இல் வந்தபோது நடந்தது ஒரு பெரிய பாய்ச்சல். அதற்கு முன் உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பல்கள் இதே நிறுவனத்தின் ஃப்ரீடம் வகைக் கப்பல்கள்தான், சுமார் 154,000 தொன். அங்கிருந்து ஒரே தாவலில் 225,282. ஒயாசிஸைவிட ஐகொனில் கூடியது பத்தில் ஒரு பங்கு மட்டுமே, ஒயாசிஸ் வந்தபோது கூடியது கிட்டத்தட்டப் பாதி. இப்போது ஓடுகிற பெரிய கப்பல்களில் நீங்கள் பார்க்கிற பல விடயங்களை முதலில் செய்து பார்த்தது இதில்தான். அதனால் இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வந்தவை தானாக விளங்கும்.

225,282 தொன் என்றால் அதுதான் கப்பலின் எடையா?

இல்லை. இது எல்லோரும் தவறாக விளங்குகிற இடம், பத்திரிகைகளிலும் தவறாகத்தான் வருகிறது. மொத்தத் தொன் என்பது கப்பலுக்குள்ளே மூடிய இடம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கான கணக்கு, அதாவது கொள்ளளவு. உண்மையான எடை, அதாவது கப்பல் மிதக்கும்போது எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறது என்பது, ஏறத்தாழ ஒரு லட்சம் தொன். டைட்டானிக்கின் 46,000 தொன்னோடு ஒப்பிடும்போதும் இரண்டு பக்கமும் கொள்ளளவை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கண்ணுக்குப் பிடிபடுகிற மாதிரிச் சொன்னால்?

நீளம் 360 மீட்டர் சொச்சம். கல்லடிப் பாலம் 300 மீட்டரைத் தொடாது, அப்படியென்றால் பாலத்தின் பக்கத்தில் கப்பலைக் கொண்டுவந்து வைத்தால் இரண்டு கரையிலும் ஏறி நிற்கும். இன்னொரு அளவும் சொல்கிறேன், சுழியோடுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கி எங்கள் மட்டக்களப்புக் கரைக்கு வெளியே மூழ்கிய ஹெர்மஸ் விமானந்தாங்கிக் கப்பல் சுமார் 180 மீட்டர். உள்ளே இறங்கிப் பார்த்தவர்கள் அதையே முடிவில்லாத கப்பல் என்று சொல்வார்கள். ஒயாசிஸ் அதைப்போல் இரண்டு மடங்கு நீளம்.

நீர்மட்டத்தில் அகலம் 47 மீட்டர், நீருக்கு மேல் உயரம் 72 மீட்டர், நீருக்குக் கீழே 9.3 மீட்டர் மட்டும். இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். பயணிகளுக்கான தளங்கள் 16. சேவைக்கு வந்த காலத்தில், அறைக்கு இரண்டு பேர் என்று போட்டால் 5,400 பயணிகள், முழுதாக நிரப்பினால் 6,296. ஊழியர்கள் 2,100க்கும் மேல்.

யார் கட்டினார்கள்? எவ்வளவு செலவு?

பின்லாந்தின் துர்க்கு நகரில் உள்ள பெர்னோ கப்பல் கட்டும் தளம். 2006 பெப்ரவரியில் ஓடர் கொடுத்தபோது அந்தத் தளம் ஆக்கர் யார்ட்ஸ் என்ற பெயரில் இருந்தது. கட்டிக்கொண்டிருக்கும்போதே கொரியாவின் எஸ்.டி.எக்ஸ். நிறுவனம் வாங்கி எஸ்.டி.எக்ஸ். யூரோப் ஆனது, 2014இல் ஜெர்மனியின் மேயர் குடும்ப நிறுவனத்தின் கைக்குப் போய் இப்போது மேயர் துர்க்கு. பெயர் மாறியதே தவிர தளம் ஒன்றுதான், ஐகொனும் அங்கேதான் பிறந்தது.

ஒப்பந்த விலை சுமார் 900 மில்லியன் யூரோ, முடியும்போது 1.4 பில்லியன் டொலர் அளவில் வந்து நின்றது. கட்டுமானம் பாதியில் இருக்கும்போது 2008 உலக நிதி நெருக்கடி வந்தது. வங்கிகள் கடன் கொடுக்கப் பயந்த நேரத்தில், பின்லாந்து அரசின் ஏற்றுமதிக் கடன் நிறுவனமான பின்வேரா கடனின் பெரும் பகுதிக்கு உத்தரவாதம் கொடுத்தது. ஒரு தனியார் கம்பனியின் சுற்றுலாக் கப்பலுக்கு அரசாங்கம் ஏன் பொறுப்பு நிற்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அந்தத் தளம் மூடப்பட்டால் துர்க்குவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆயிரக்கணக்கான வெல்டர்மார், மின்வேலைக்காரர், தச்சர்மாருக்கு வேலை இல்லை. அந்தக் கைப்பழக்கம் ஒருமுறை சிதறினால் திரும்பச் சேராது. எனக்கு அது சரியான முடிவாகத்தான் தெரிகிறது.

இவ்வளவு பெரிய கப்பலை எப்படிக் கட்டினார்கள்? அடியில் இருந்து மேலே கட்டிக்கொண்டு வந்தார்களா?

வாழைச்சேனையில் ஓடாவிமார் படகு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வருவது இயல்பு. முதலில் ஏரா என்கிற அடிமரம், பிறகு விலா, பிறகு பலகை என்று அது ஒரே இடத்தில் வளரும். பெரிய கப்பல் அப்படி வளர்வதில்லை. முழுக் கப்பலையும் கணினியில் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் வெவ்வேறு கொட்டகைகளில் ஒரே நேரத்தில் செய்வார்கள். இவற்றைப் புளொக் என்கிறார்கள். ஒயாசிஸுக்கு ஏறத்தாழ 180 பெரிய புளொக்குகள். பல மாடி உயரமான இரும்புப் பெட்டிகள் இவை, பெரியவை சில நூறு தொன் வரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விடயம், புளொக் வெறும் இரும்பாக டொக்குக்கு, அதாவது துண்டுகளைச் சேர்த்துக் கப்பலாக்குகிற பெரிய பள்ளத்துக்கு, வருவதில்லை. குழாய், மின்கம்பி போகிற தட்டு, காற்றுக் குழாய் எல்லாம் கொட்டகையிலேயே முடிந்த மட்டும் பூட்டப்பட்டு, அதுவும் பல நேரம் புளொக்கைத் தலைகீழாகப் போட்டுப் பூட்டப்பட்டு வரும். காரணம் எளிது. கூரையில் பூட்ட வேண்டிய குழாயை அண்ணாந்து நின்று பூட்டுவதைவிட, கூரையைக் கீழே போட்டுக் குனிந்து பூட்டுவது வேகம், பாதுகாப்பும்கூட. வெல்டிங் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள், தலைக்கு மேல் வெல்ட் பிடிப்பதன் கஷ்டத்தைச் சொல்வார்கள்.

2007 நவம்பர் 12ஆம் திகதி முதல் புளொக்கை டொக்கின் தரையில் வைத்தார்கள். பிறகு பாரந்தூக்கி ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க, கீழே நிற்கிறவர்கள் மில்லிமீட்டர் கணக்கில் சரிபார்த்து ஒட்டினார்கள். அறைகளும் அப்படித்தான். சுமார் 2,700 அறைகள், பக்கத்து ஊரான பீக்கியோவில் உள்ள தொழிற்சாலையில் குளியலறை, விளக்கு, சுவர் எல்லாம் சேர்த்துப் பெட்டியாகச் செய்யப்பட்டு, லொறியில் வந்து, கப்பலின் பக்கத்தால் உள்ளே தள்ளப்பட்டன. 2008 நவம்பரில் டொக்குக்குள் தண்ணீரை விட்டார்கள், கப்பல் மிதந்தது. மேலிருந்து சறுக்கி விடுகிற பழைய முறை இந்த அளவுக்கு ஒத்துவராது. அதன்பிறகு ஒரு வருடம் உள் வேலை, கடலோட்டப் பரீட்சை. 2009 ஒக்டோபர் 28ஆம் திகதி கையளித்தார்கள்.

அந்த டொக் சுமார் 365 மீட்டர் நீளம், கப்பல் 360 சொச்சம். மீதி நான்கைந்து மீட்டர்தான். கப்பல் ஏன் 400 மீட்டராக இல்லை என்று கேட்கிறவர்களுக்குப் பதில் அதுதான்: கட்டுகிற இடம் அவ்வளவுதான் விட்டது. இந்தக் கப்பலின் ஒவ்வொரு அளவுக்குப் பின்னாலும் இப்படி வெளியே ஒரு டொக்கோ பாலமோ துறைமுகமோ நிற்கிறது, கீழே வருகிற பதில்களில் அதைப் பார்ப்பீர்கள்.

நடுவில் ஏன் திறந்து விட்டிருக்கிறார்கள்? வீடியோவில் மரமெல்லாம் தெரிகிறதே.

அகலம் கூடினால் நடுவில் இருக்கிற அறைகளுக்கு ஜன்னல் கிடைக்காது, ஜன்னல் இல்லாத அறைக்கு விலை குறைவு. அதனால் கப்பலின் மேல்பாதியை இரண்டு பக்கக் கட்டடங்களாகப் பிரித்து, நடுவில் வானம் தெரிகிற மாதிரி விட்டார்கள். சென்ட்ரல் பார்க் என்கிற அந்தத் தோட்டம் சுமார் 100 மீட்டர் நீளம், 19 மீட்டர் அகலம், சுமார் 12,000 செடிகள். பின்பக்கம் போர்ட்வோக் என்ற திறந்த தெரு, கடைசியில் நீச்சல் சாகசத்துக்கான அக்குவா தியேட்டர். கடலைப் பார்க்காத அறையும் தோட்டத்தைப் பார்க்கிற பால்கனி அறையாகி விட்டது. அழகுக்காகச் செய்தது போல் தெரிந்தாலும் இது அறை விற்பனையின் கணக்கு, அதேநேரம் நல்ல வடிவமைப்பும்தான்.

இவ்வளவு உயரம், தண்ணீருக்குள் 9 மீட்டர்தான். எப்படிக் கவிழாமல் நிற்கிறது?

ஆழத்தைவிட அகலம்தான் இங்கே காப்பாற்றுகிறது. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் அதிகமான உடல் தண்ணீருக்குள் போகும், அந்த மிதப்பு விசை அதைத் திருப்பி நிமிர்த்தும். அகலம் கூடக் கூட இந்த நிமிர்த்தும் பலம் வேகமாகக் கூடும். ஒடுக்கமான தோணியில் எழுந்து நிற்கப் பயப்படுகிறோம், தெப்பத்தில் பயமில்லாமல் நடக்கிறோம், அதே கணக்குத்தான். எஞ்சின், எரிபொருள், தண்ணீர்த் தாங்கிகள் எல்லாம் அடியில். மேலே இருக்கிற தளங்கள் பார்க்கப் பெரிதானாலும் உள்ளே பெரும்பாலும் காற்று.

சுக்கான் இல்லையாமே, எப்படித் திருப்புகிறார்கள்?

இல்லைதான். பின்பக்கம் அடியில் ஏ.பி.பி. நிறுவனத்தின் மூன்று அசிபொட் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பெரிய கூடு, உள்ளே 20 மெகாவொட் மின்மோட்டார், முனையில் விசிறி. கூட்டையே சுற்றிலும் திருப்பலாம், விசிறி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கப்பலின் பின்பக்கம் இழுபடும், அப்படித்தான் கப்பல் திரும்பும். முன்பக்கத்தில் குறுக்காகத் தள்ள நான்கு விசிறிகள், ஒவ்வொன்றும் 5.5 மெகாவொட். இவ்வளவு மின்சாரத்தையும் கொடுப்பது ஆறு வார்ட்சிலா டீசல் எஞ்சின்கள், மொத்தம் சுமார் 97 மெகாவொட். ஓட்டத்துக்கு 60 போனால் மீதி ஏசி, சமையலறை, லிஃப்ட், உப்புநீரை நன்னீராக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும். வேகம் சுமார் 22 நொட்ஸ், மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

பாலத்துக்குக் கீழே குனிந்து போன கதை உண்மையா?

உண்மை, இதைத்தான் அதிகம் பேர் நம்ப மறுக்கிறார்கள். துர்க்கு இருப்பது பால்டிக் கடலில். அங்கிருந்து அட்லாண்டிக் போக டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தின் கீழால் போக வேண்டும். பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் 65 மீட்டர், கப்பல் 72 மீட்டர். இது கட்டி முடிந்த பிறகு கண்டுபிடித்த பிரச்சினை அல்ல, படம் வரையும்போதே தெரியும். அதனால் புகைபோக்கிகளை ஒன்றுக்குள் ஒன்று இறங்குகிற மாதிரிச் செய்தார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி துர்க்குவை விட்டுப் புறப்பட்டு, நவம்பர் 1ஆம் திகதி நள்ளிரவு கழிந்த நேரம் பாலத்தைக் கடந்தது. புகைபோக்கிகளை இறக்கியும் மேலே மிஞ்சியது சுமார் 60 சென்டிமீட்டர்தான். பாலத்தில் வாகனங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தியும் வைத்தார்கள்.

அதோடு, மெதுவாகப் போகாமல் வேகமாகப் போனார்கள். ஆழம் குறைந்த இடத்தில் பெரிய கப்பல் வேகமாகப் போனால் அடியில் தண்ணீர் வேகமாக ஓடி அழுத்தம் குறையும், கப்பல் தானாகக் கொஞ்சம் அமிழும். அந்தக் கொஞ்சம்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஒரு லட்சம் தொன் கப்பலை இருட்டில், வேகத்தோடு, தலைக்கு மேல் அரை மீட்டர் சொச்ச இடைவெளியில் கொண்டுபோன அந்தக் கப்டனையும் கணக்குப் பார்த்தவர்களையும் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை வருகிறது.

போகிற வழியில் இங்கிலாந்தின் சொலன்ட் நீரிணையில் கொஞ்சம் நின்று, அதுவரை கப்பலுக்குள்ளேயே மிச்ச வேலையை முடித்துக்கொண்டிருந்த சுமார் 300 தொழிலாளரை இறக்கி விட்டார்கள். கையளித்த பிறகும் தச்சு வேலை ஓடிக்கொண்டிருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகு?

நவம்பர் 13ஆம் திகதி புளோரிடாவின் போர்ட் எவர்கிளேட்ஸ் துறைமுகம். தோட்டத்துக்கான வெப்பமண்டலச் செடிகளை அங்கேதான் நட்டார்கள். பின்லாந்துக் குளிரில் நட்டு அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுவந்திருந்தால் என்ன கதியாகி இருக்கும் என்று யோசியுங்கள். நவம்பர் 30 பெயர் சூட்டு விழா, ஏழு பெண்கள் சேர்ந்து நடத்தினார்கள், பாடகி குளோரியா எஸ்டெஃபானும் பனித்தரைச் சறுக்கு நடன வீராங்கனை மிஷெல் குவானும் அதில் இருந்தார்கள். டிசம்பர் 5ஆம் திகதி முதல் முழுப் பயணம், பிறகு வாராவாரம் கரீபியன் சுற்று.

ஆனால் இந்தக் கப்பலை நிறுத்த எல்லாத் துறைமுகமும் தயாராக இருக்கவில்லை. போர்ட் எவர்கிளேட்ஸில் 18ஆம் இலக்க முனையத்தைப் பெரிதாக்கினார்கள். ஹெயிட்டியில் பயணிகளை இறக்குகிற உல்லாசக் கரையான லபடீயில் புதிய இறங்குதுறை கட்டினார்கள். ஜமைக்காவின் ஃபல்மத்தில் 2011இல் புதுத் துறைமுகமே திறந்தார்கள். ஆறாயிரம் பேரைச் சின்னப் படகுகளில் ஏற்றி இறக்கினால் அவர்கள் ஊரைப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும், அதனால் கப்பல் நேராக அணைய இடம் வேண்டும்.

முதல் வருடங்களில் பிரச்சினை ஒன்றும் வரவில்லையா?

கப்பலில் பெரிய கோளாறு என்று ஒன்றும் இல்லை. ஆனால் சேவைக்கு வந்து ஒன்றரை மாதத்துக்குள், 2010 ஜனவரி 12ஆம் திகதி, ஹெயிட்டியில் பெரும் பூகம்பம். லபடீ வடக்குக் கரையில் இருந்ததால் அதற்குச் சேதம் இல்லை. சில நாட்களிலேயே இந்த நிறுவனத்தின் கப்பல்கள் அங்கே உல்லாசப் பயணிகளை இறக்கத் தொடங்க, உலகம் முழுக்கக் கண்டனம். நிறுவனம் கப்பல்களில் நிவாரணப் பொருள் கொண்டுபோனது, குறைந்தது ஒரு மில்லியன் டொலர் உதவியும் அறிவித்தது. வராமல் விட்டிருந்தால் அங்கே வேலை செய்கிற உள்ளூர் ஆட்களுக்கு அந்த வருமானமும் போயிருக்கும். இருந்தாலும் 2004 சுனாமி கண்ட கரையில் இருந்து பார்க்கிறபோது, பொருளை இறக்கிக் கொடுத்துவிட்டு உல்லாசத்தைச் சில வாரம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாவலடியில் மண்ணைக் கிளறி ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இசை போட்டுக் குளித்திருந்தால் நாங்கள் தாங்கியிருப்போமா?

2014இல் முதன்முறையாக ஐரோப்பா திரும்பி ரொட்டர்டாமில் டொக் ஏறியது. 2019 ஏப்ரல் 1ஆம் திகதி பஹாமாஸில் டொக்கில் இருக்கும்போது ஒரு பாரந்தூக்கி கப்பலின் பின்பக்கத்தில் சரிந்து விழுந்து எட்டுப் பேர் காயம். ஸ்பெயினின் காடிஸுக்குக் கொண்டுபோய்த் திருத்தினார்கள்.

உயிர்காப்புப் படகு எல்லோருக்கும் போதுமா?

18 படகுகள், ஒவ்வொன்றிலும் 370 பேர், மொத்தம் 6,660. மீதிப் பேருக்குக் காற்றடைக்கும் மிதவைகள். வழக்கமான விதிப்படி ஒரு படகில் 150 பேர்தான் ஏறலாம், ஆகவே இந்தப் பெரிய படகுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டி வந்தது.

இந்த மாதிரிக் கப்பல் மட்டக்களப்புக்கோ ஒலுவிலுக்கோ வருமா?

வராது. மேலே சொன்ன 9.3 மீட்டரை இப்போது எடுத்துப் பாருங்கள். அந்த ஆழத்துக்குக் கீழே இன்னும் ஓரிரு மீட்டராவது பாதுகாப்புக்கு வேண்டும், அது வருடம் முழுக்க இருக்க வேண்டும். எங்கள் வாவி முகத்துவாரத்தை மணல் மூடுவதும் வெட்டித் திறப்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒலுவில் துறைமுகம் டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்தது. வாய்க்குள் மணல் சேர்ந்து மீன்பிடிப் படகே போய்வரச் சிரமப்பட்டது. கிழக்குக் கரையோரமாக மணல் ஓடிக்கொண்டே இருக்கிறது. நடுவில் அலைதடுப்புச் சுவர் போட்டால் ஒரு பக்கம் மணல் குவியும், மற்றப் பக்கம் கரை அரித்துப் போகும். ஒலுவிலில் தென்னந்தோட்டங்களோடு நிலத்தைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இன்னும் நியாயம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களின் கரைக்கு ஒரு வழி பண்ணாமல் பெரிய கப்பல் வருகிறது, சுற்றுலா வருகிறது என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பயணக் கப்பல் பார்க்க ஆசை என்றால் திருகோணமலை இயற்கைத் துறைமுகத்துக்கு வருகிறபோது போய்ப் பாருங்கள். ஒயாசிஸ் அளவு இல்லை, ஆனாலும் கரையில் நின்று பார்க்கிறபோது கழுத்து வலிக்கும்.

கப்பல் வேலைக்குப் போக என்ன வேண்டும்?

பாசிக்குடா ஹோட்டல்களில் வேலை செய்த தம்பிமார், தங்கைமார்தான் இதை அதிகம் கேட்கிறீர்கள். உங்கள் சமையலறை, அறைப் பராமரிப்பு, பரிமாறுகிற அனுபவம் நல்ல மதிப்புள்ளது, அதைக் கடிதமாக வாங்கி வையுங்கள். ஆங்கிலம் பேச வர வேண்டும். கடவுச்சீட்டு, கடலோடிகளுக்கான சி.டி.சி. புத்தகம், மருத்துவச் சான்றிதழ், அப்புறம் எஸ்.டி.சி.டபிள்யூ. (கடலோடிகளின் பயிற்சிக்கான சர்வதேச விதி) சொல்கிற அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி: நீரில் உயிர் தப்புதல், தீயணைப்பு, முதலுதவி, கப்பலில் பாதுகாப்பாக நடந்துகொள்ளல்.

வேலை கடினம், மறைக்க மாட்டேன். மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்க முடியாது, ஜன்னல் இல்லாத சின்ன அறையை இன்னொருவரோடு பங்கு போட வேண்டும். ஆனால் உங்களுக்கு உரிமைகள் இருக்கின்றன. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், 7 நாளில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும், அதைப் பதிவேட்டில் எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். செய்யாத ஓய்வுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதே உடன்படிக்கை, வேலை எடுத்துக் கொடுப்பதற்கான கட்டணத்தைத் தொழிலாளரிடம் வாங்கக் கூடாது என்கிறது. கடவுச்சீட்டு, சி.டி.சி., மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றின் செலவு உங்களுடையது, விசாச் செலவு கப்பல் கம்பனியுடையது, ஏஜென்சியின் கட்டணம் உங்களுடையது அல்ல. நகையை அடகு வைத்து, வயல் காணியை எழுதிக் கொடுத்து லட்சக்கணக்கில் கட்டிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஏஜென்சிக்கு அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று கொழும்பில் உள்ள மேர்ச்சன்ட் ஷிப்பிங் செயலகத்தில் கேளுங்கள், ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாக வாசியுங்கள். "சீட் நிரம்புது, இன்றைக்கே காசைக் கட்டுங்கோ" என்று யாராவது அவசரப்படுத்தினால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.